இந்தப் பட்டன் எதுக்கு?

எளிமையாளர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. நீங்கள் அவரைக் கவனித்ததில்லை என்றால் கவலை வேண்டாம், அவர் உங்களைக் கவனித்திருப்பார். டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்று, ரூபாய் நோட்டை எந்தப் பக்கமாக நுழைப்பது என்று தெரியாமல் நீங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னால் "ப்ச்" என்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே, அவர்தான். நீங்கள் வெட்கப்பட்டு விலகப் பார்ப்பீர்கள். "உங்க மேல தப்பே இல்லைங்க. இதைச் செஞ்சவன் மேலதான் தப்பு" என்பார் உடனே. அடடா, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைப்பீர்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். அந்த இயந்திரத்தை உண்மையில் எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், நீங்கள் ஏற வேண்டிய ரயில் போய், அதற்கடுத்த ரயிலும் போய், பின்னால் நிற்கும் வரிசை உங்கள் இருவரையும் சேர்த்தே திட்ட ஆரம்பித்திருக்கும்.

எளிமையாளர் எந்தச் செயலியையும் நம்மைப் போல் பயன்படுத்த மாட்டார். கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பார், அந்தப் பக்கம் சாய்ப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நீங்கள் மருந்துக் கடைச் செயலியில் காய்ச்சல் மாத்திரை வாங்கக் கொடுத்த கைப்பேசியாக அது இருக்கலாம், காய்ச்சல் உங்களுக்கு ஏறிக்கொண்டே இருக்கலாம், அதைப் பற்றியெல்லாம் அவருக்கு என்ன வந்தது? நெடுநேரம் கழித்து ஒரு பெருமூச்சு வரும். கூடவே அந்தக் கேள்வியும் வரும்.

"இது சாதாரண மனுஷனுக்குப் புரியுமா?"

யார் இந்தச் சாதாரண மனுஷன்? யாரும் பார்த்ததில்லை. எளிமையாளரின் பேச்சிலிருந்து நான் திரட்டிய தகவல்படி, அந்த ஆள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் குடையும் வைத்திருக்கிறார், மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார், கட்டைவிரல் அளவுக்கு மீறிப் பெரியது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், படிக்கப் பொறுமையும் கிடையாது, போதாக்குறைக்கு ஓடும் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறார். இந்த அப்பாவிக்காக எளிமையாளர் உருகுவதைப் பார்த்தால் நமக்கே அந்த ஆளுக்கு ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுக்கத் தோன்றும். ஆனால் நிஜப் பேருந்தில், நிஜக் குழந்தையோடு யாராவது பக்கத்தில் வந்து நின்றால், எழுந்து இடம் கொடுக்க அவருக்குத் தோன்றாது. பின்செல்லும் அம்புக்குறி திரையின் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்ற யோசனையில் இருப்பார்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத அசல் சரக்கு என் மச்சான். என் மனைவியின் அண்ணன். இவ்வளவு பேசுகிறாரே, பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலையோ என்று கேட்கிறீர்களா? கதவு, ஜன்னல் விற்கும் கம்பெனியில் கணக்குப் பிள்ளை. இன்றுவரை ஒரு வரி மென்பொருள் எழுதியதில்லை. நான் ஒருமுறை ஜாடையாக அதைச் சுட்டிக்காட்டியபோது, "ருசி சொல்றதுக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ருசி சொல்லும் மற்றவர்கள் யாரும் அடுப்படிக்குள் புகுந்து உப்பு ஜாடியை ஒளித்துவைப்பதில்லை.

அவர் வீட்டு டி.வி. ரிமோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். அதில் பட்டன்கள் அதிகம் என்று, இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். ஒன்று டி.வி.யைப் போடுவதற்கு. இன்னொன்று சத்தத்தைக் கூட்டுவதற்கு.

"குறைக்கிறதுக்கு?" என்று கேட்டார் அவர் மனைவி.

"கூட்டாம இருந்தா குறைக்கவே வேண்டியதில்லையே!"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஒருநாள் விருந்தாளி ஒருவர் தெரியாமல் ரிமோட் மேல் உட்கார்ந்துவிட, செய்தி வாசிப்பவரின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். தட்டியது உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அந்த வீட்டில் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அவர் மனைவி மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்.

அலுவலகத்தில் மச்சானுக்கு ஓர் எதிர்க்கட்சிக்காரர் உண்டு, எல்லாமே கண்ணெதிரே இருக்க வேண்டும் என்ற கொள்கைக்காரர். இருவரும் டீ குடிக்கப் போவார்கள்.

"ஒளிச்சு வெச்சா எவனுக்குத் தெரியும்?"

"கொட்டி வெச்சா மட்டும் எவனுக்குத் தெரியும்?"

இப்படியே போகும். டீயில் ஆடை கட்டும். இருவரும் அவரவர் மேசைக்குத் திரும்பி, அலுவலகம் கொடுத்திருக்கும் பழங்கால மென்பொருளில், எந்தக் குறையும் சொல்லாமல், சாயங்காலம் வரை வேலை பார்ப்பார்கள்.

இதெல்லாம் வெளியே நடக்கும்வரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சனி என் வீட்டுக்குள் நுழைந்தது என் மனைவி சலவைக் கடை தொடங்கியபோது.

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவைப் பல வருடம் மேற்பார்வை பார்த்தவள். எந்தக் கறை வெந்நீரில் போகும், எது வெந்நீர் பட்டால் சாகும்வரை போகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த வேலையை விட்டுவிட்டு, தெருமுனையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பெரிய இயந்திரமும் இஸ்திரி மேசையும் போட்டு, வேன் ஒன்றும் டிரைவரும் அமர்த்தினாள். இத்தனை துணிச்சல் அவளுக்கு எதனால் வந்தது என்றால், ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதியின் மேலாளர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "கடை திறக்கற முதல் நாளே படுக்கை விரிப்பையெல்லாம் எடுத்து, சாயங்காலம் புது ஆளுங்க வர்றதுக்குள்ள வெளுத்து மடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, அப்புறம் தினமும் உங்களுக்கேதான். முடியலைன்னா வேற எடம் பாத்துக்கறேன்." விடுதி கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் மூன்றே மாதத்தில் இயந்திரத்தை விற்க வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டோம்.

வாடிக்கையாளர்கள் கைப்பேசியிலேயே சொல்லியனுப்ப ஒரு செயலி வேண்டுமென்று, மாடி வீட்டில் குடியிருக்கும் மென்பொருள் எழுதும் பெண்ணைக் கேட்டாள். அந்தப் பெண் நட்புக்காக அழகாகவே செய்து கொடுத்தாள். என்ன துணி, எத்தனை துணி, எப்போது எடுக்க வர வேண்டும், சரிதானா என்று கேட்கும். சரி என்றால் கடைக்கு ஆர்டர் வந்துவிடும். என் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

செய்தி எப்படித்தான் மச்சானுக்கு எட்டியதோ தெரியாது. மறுநாளே வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாடி வீட்டுப் பெண்ணையும் கீழே வரவழைத்து, கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"எத்தனை துணின்னு எதுக்கும்மா கேக்கறே?"

"எண்ணிக்கை தெரியணும்ல சார்."

"மூட்டையைப் பிரிச்சா நீங்களே எண்ணப்போறீங்க. அவனை எதுக்கு எண்ணச் சொல்றே? அவனே பாவம், ஒரு கையில குழந்தையை வெச்சிருக்கான்."

அந்தக் கேள்வி போயிற்று.

"எப்ப வரணும்னு ஒரு கேள்வி. அழுக்குத் துணி வெச்சிருக்கறவனுக்கு எப்ப வேணும்? இப்பத்தான் வேணும்!"

அதுவும் போயிற்று. டிரைவருக்கு எதற்கு இத்தனை பெரிய பட்டியல், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறி காட்டினால் போதாதா என்றார். பட்டியல் போயிற்று. கடையில் இருக்கும் திரையில் பெயரும் முகவரியும் எதற்கு, மொத்தம் எத்தனை ஆர்டர் என்று ஓர் எண் போதாதா என்றார். பெயர்களும் போயின. கடையின் தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "போன் நம்பர் போட்டா, ஆப் தோத்துப்போச்சுன்னு நாமளே ஒத்துக்கற மாதிரி!"

கடைசியில் வெள்ளைத் திரையில் 'துணி எடுக்க வாருங்கள்' என்று பெரிய பட்டன் ஒன்று மட்டும் மிஞ்சியது. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க நன்றாகவே இருந்தது. என் மனைவி, "பரவாயில்லையே அண்ணா!" என்றாள். நானும் தலையாட்டினேன். அத்தோடு எழுந்து போயிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பேன். எளிமையாளர் எங்காவது அத்தோடு எழுந்து போயிருக்கிறாரா?

பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது.

"இந்தப் பட்டன் எதுக்கு?"

மாடி வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"அதை அழுத்தினாத்தானே சார் ஆர்டர் வரும்?"

"சலவைக் கடை ஆப்பை ஒருத்தன் எதுக்கும்மா திறக்கறான்? கவிதை படிக்கவா? துணி வெளுக்கத்தானே? திறந்துட்டான்னாலே முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். அவன்கிட்ட மறுபடியும் பட்டனை நீட்டி 'நிஜமாவா?'ன்னு கேக்கறது அவமானப்படுத்தற மாதிரி இல்லையா? திறந்தாலே ஆர்டர்! 'வருகிறோம்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

எளிமையாளரின் பலமே இதுதான். அவர் கேட்கும் நேரத்தில் பதில் தோன்றாது.

"வேண்டாம்னு நினைச்சா சார்?" என்றாள் மாடி வீட்டுப் பெண், கொஞ்சம் துணிந்து.

"நல்ல கடையை எவன் வேண்டாம்பான்? சரி, உன் திருப்திக்கு ஆப்புக்குள்ள ரத்து பண்ண வழி வெச்சுக்கோ."

திறப்பு நாள் வந்தது. என் மனைவி சொந்தக்காரர்கள், ஆஸ்பத்திரி சிநேகிதிகள், தெருக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். காலையில் கடைத் திரையில் எண் ஏற ஆரம்பித்தது. ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன், ஆர்டர் கொட்டுது!" என்று சின்னப் பெண் மாதிரி குதித்தாள். மச்சான் மார்பின் மேல் கையைக் கட்டிக்கொண்டு, ஒருவிதமான அடக்கத்துடன் புன்னகை செய்தார். வேன் புறப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் டிரைவரிடமிருந்து போன்.

"மேடம், இங்க ஒரு நர்ஸ் அம்மா துணியே இல்லைங்கறாங்க. உங்க கடை எப்படி இருக்குன்னு பாக்கத்தான் திறந்தாங்களாம்."

"சரி, அடுத்த வீட்டுக்குப் போங்க அண்ணே."

அடுத்த வீட்டிலும் அதே கதை. வாழ்த்துச் சொல்லலாம் என்று திறந்தவர்கள், எப்படித்தான் செய்திருக்கிறாள் பார்ப்போம் என்று திறந்தவர்கள், திறந்து பார்த்தபோது வெள்ளையாக இருந்ததால் ரிப்பேரோ என்று மூடித் திறந்தவர்கள். ஒவ்வொரு திறப்புக்கும் ஓர் ஆர்டர். பதறிப்போய் ரத்து செய்யலாம் என்றால், அதற்கும் செயலியைத் திறக்க வேண்டுமல்லவா? திறந்தால் ஒன்று கூடும், ரத்து செய்தால் ஒன்று குறையும். முதலில் இருந்தது இருந்தபடியே இருக்கும். என் பெரியப்பா ஓய்வுபெற்ற பொறியாளர், தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர். அவர் ரத்து செய்துகொண்டே இருந்தார், வேன் போய்க்கொண்டே இருந்தது.

"மேடம், இந்தத் தெருவுக்கு எத்தனாவது தடவை வர்றேன்னு எனக்கே தெரியலை. ஜனங்க டாட்டா காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பெரியவர் ஒருத்தர் முதல்ல வேண்டாம்னார், அடுத்த தடவை ஒரு துண்டு குடுத்தார், இப்ப போட்டிருந்த சட்டையையே கழட்டிக் குடுத்துட்டுக் கும்பிடறார்."

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. நம்மவர்களுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. அழுக்குத் துணி இல்லாவிட்டால் என்ன? கால்மிதி இருக்கிறது, ஜன்னல் திரை இருக்கிறது, சோபா உறை இருக்கிறது, பரணில் இருக்கும் கம்பளி இருக்கிறது. வேன் பிதுங்கியது.

பிற்பகலில்தான் என் மனைவிக்குச் சுரீர் என்றது. "விடுதிக்குப் போயிட்டு வந்தாச்சா அண்ணே?"

"இல்லையே மேடம். அம்புக்குறி இன்னும் அங்க காட்டலையே."

"அம்புக்குறியை விடுங்க, நேரா விடுதிக்குப் போங்க!"

"போறேன் மேடம். விரிப்பை எங்க வைக்கிறது? என் மடியிலயே ரெண்டு கால்மிதி இருக்கு."

விடுதிக்குப் போன் செய்தாள். மேலாளர் கோபமாக வெளியே போயிருக்கிறார் என்றார்கள். எங்கே என்று தெரியாது என்றார்கள். வேறு எங்கே? வேறு சலவைக் கடைக்குத்தான். ரிசீவரை வைத்துவிட்டு என் மனைவி இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கு மச்சானைப் பிடித்து அந்த இயந்திரத்துக்குள் போட்டு, வெந்நீர் பட்டனை அழுத்த வேண்டும்போல் இருந்தது. அவரோ, "அந்த நம்பரை இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்," என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. விடுதி மேலாளர் இறங்கினார். பின்சீட்டிலிருந்து விரிப்பு மூட்டைகளை இழுத்து உள்ளே போட்டார். முகம் சிவந்திருந்தது.

"காலைலேர்ந்து 'வருகிறோம்' 'வருகிறோம்'னு சொல்லுது. ஒருத்தரும் வரலை. எத்தனை தடவைதான் திறந்து பாக்கறது? யாரு மேடம் இதைச் செஞ்சது?"

ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் ஒளிந்துகொள்ளவில்லை. "நான்தான்," என்று முன்னால் வந்தார்.

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க," என்றார் மேலாளர். "அந்த 'வருகிறோம்'ங்கற வார்த்தை எதுக்கு?"

மச்சான் தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

"வேன் வந்தா வந்துடுச்சுன்னு தெரியப்போகுது. வரலைன்னா வரலைன்னு தெரியப்போகுது. நடுவுல வார்த்தை எதுக்கு?"

மச்சானின் கண்கள் கலங்கின. தொலைந்துபோன உடன்பிறப்பைக் கண்டுபிடித்தவர்போல் மேலாளரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். இருவரும் அப்படியே விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். எழுத்தே இல்லாத செயலி முடியுமா என்று ஆரம்பித்தார்கள். திரையே எதற்கு என்று போனார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்," என்று ஒரு மூட்டையை உருவி இயந்திரத்தில் போட்டாள். அவர்கள் பேச்சை நிறுத்தாமல் அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார்கள். அதையும் உருவினாள். கடைசியில் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது அவர்களுக்குத் தெரியவில்லை. நான் உலர்த்தினேன், அவள் இஸ்திரி போட்டாள், மாடி வீட்டுப் பெண் வந்து மடித்தாள். புது ஆட்கள் விடுதிக்கு வரும் நேரத்துக்கு முன்பே விரிப்புகள் மேசைமேல் அடுக்காக நின்றன.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "அட, முடிஞ்சிடுச்சா?" ஒரு விரிப்பின் ஓரத்தைத் தடவினார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு வெள்ளையா நான் பாத்ததே இல்ல மேடம். நாளைலேர்ந்து தினமும் உங்களுக்குத்தான்." சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "நாளைக்கு இப்பவே போட்டுடறேன்..."

"திறக்காதீங்க சார்!" என் மனைவி ஒரே பாய்ச்சலில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் மச்சான் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமிதம். "பாத்தியாம்மா? நீ வேனே அனுப்பலை. வாடிக்கையாளரே துணியைக் கொண்டுவந்து போட்டுட்டு, நன்றி சொல்லிட்டுப் போறார். இதைவிட எளிமையா ஒரு ஆப் உலகத்துல உண்டா?" என் மனைவி சொந்தக்காரர்களின் கால்மிதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அண்ணன் கையில் கொடுத்து, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச்சொன்னாள்.

சிரித்தீர்களா? நல்லது. மச்சானைப் போன்ற ஆட்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு என்று தலையாட்டினீர்களா? அதுவும் நல்லது. இப்போது நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். திறந்தாலே ஆர்டர் என்று படித்தபோது, 'இதற்கென்ன பிரமாதம், திறந்ததும் "வரட்டும்", "வேண்டாம்" என்று இரண்டு பட்டன் வைத்தால் முடிந்தது' என்று உங்களுக்குள் ஓடியதா, இல்லையா? நல்ல யோசனைதான், நாங்களும் மறுநாள் அதைத்தான் செய்தோம். ஆனால் உங்கள் கற்பனையில் 'வரட்டும்' வலப்பக்கமா, இடப்பக்கமா? பார்த்தீர்களா, வலப்பக்கம் என்று எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது! பச்சை நிறம்கூடக் கொடுத்துவிட்டீர்கள், இல்லையா? உங்கள் அருகில் இருப்பவரை இடப்பக்கம் என்று சொல்லச்சொல்லிப் பாருங்கள், உங்கள் வாயிலிருந்து "ப்ச்" வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வந்தால், தயவுசெய்து அதை எங்கள் கடைப் பக்கம் கொண்டுவராதீர்கள். என் மனைவியிடம் ஒருநாள், 'இடப்பக்கம்தான் சரி, ஏனென்றால்...' என்று நான் ஆரம்பித்தேன். அந்த 'ஏனென்றால்' இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து என் சட்டையை நானே துவைத்துக்கொண்டிருக்கிறேன்.